தாகம் எடுக்காத தலைகள்

இல்லாத ஒரு மனிதரின் மூளையை மோகனப்பிரியா கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"கண்ணு, உங்கப்பா யாரோ ஊட்டுக் கல்யாணத்துல மொய் எழுதி, நல்லாச் சாப்ட்டுப்போட்டு வந்துருக்கறாரு."

"யாரு ஊட்டுக் கல்யாணங்மா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு உனக்குப் போன் பண்றேன்?"

நடந்தது இதுதான். பள்ளிபாளையத்தில் ஒட்டினாற்போல் இரண்டு கல்யாண மண்டபங்கள். இரண்டிலும் வாழைமரம், இரண்டிலும் நாதஸ்வரம். அப்பா கந்தப்பன் போயிருக்க வேண்டியது வலது பக்கம். போனது இடது பக்கம். போனவர் சும்மா இருந்தாரா? மேடை ஏறி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, உங்க தாத்தனும் நானும் ஒண்ணா வேலை செஞ்சவங்க என்று சொல்லி, போட்டோவுக்கு நின்று, பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபின், "மாப்பிள்ள கொஞ்சம் கறுத்துட்டாப்ல இருந்துச்சு" என்று அம்மா சுப்பம்மாளிடம் சொன்னாராம். அசல் கல்யாண வீட்டிலிருந்து, ஏன் வரவில்லை என்று போன் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மோகனப்பிரியாவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு எதிரே கணினித் திரையில் நின்ற சாம்பல் நிற மூளையைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் அவள் உதவிப் பேராசிரியர். கல்யாணப் பேச்சை, ஆராய்ச்சி முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருபவள். ஆராய்ச்சி என்னவென்றால், ஒரே ஆளுக்கு இரண்டு சமயங்களில் எடுத்த மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டு, மூளை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று சொல்லும் மென்பொருள். கண்ணுக்குத் தெரியாத சுருக்கத்தைக்கூட அது பிடித்துவிட வேண்டும். பிடித்தது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? உயிரோடு இருக்கிற ஆளின் மூளை நிஜமாகவே எவ்வளவு குறைந்தது என்று யாருக்குத் தெரியும், திறந்தா அளக்க முடியும்? அதற்காகத்தான் இந்தப் பொய் ஸ்கேன்கள். கணினிக்குள்ளேயே ஒரு தலையை உருவாக்கி, அதன் மூளையை நாமே இவ்வளவு என்று கணக்காகச் சுருக்கி, நிஜ ஸ்கேனில் இருக்கிற புள்ளியும் கலங்கலும் அதிலே தூவி, மென்பொருளிடம் கொடுத்துக் கேட்பது. தராசு சரியா என்று பார்க்க எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறோமே, அந்த வேலைதான். எடைக்கல்லின் எடை நமக்குத் தெரியும். தராசு என்ன சொல்கிறதென்று பார்க்கிறோம்.

சுப்பம்மாள் அவற்றுக்குப் பொய்மண்டை என்று பெயர் வைத்திருந்தாள். சாயங்காலம் மகள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு எத்தன பொய்மண்ட செஞ்ச கண்ணு?" என்று கேட்பாள். "உசுரோட இருக்கறவன் மண்டையெல்லாம் எப்பத்தாம் பாப்பீங்க?" என்றும் கேட்பாள். மோகனப்பிரியாவின் தராசோ சொக்கத்தங்கம். எத்தனை பொய்மண்டை கொடுத்தாலும், மயிரிழை சுருக்கத்தைக்கூடச் சரியாகச் சொன்னது. அவளுடைய வழிகாட்டி இளவழகன், லேசில் யாரையும் பாராட்டாத மனிதர், "இனிமே நெஜ ஆளுங்களுக்குப் போலாம்மா" என்று சொன்ன அன்று அவள் கல்லூரிப் பஸ்ஸில் காற்றில் மிதந்துகொண்டு வந்தாள்.

முதல் நிஜ ஆள் சொந்த அப்பாவாக இருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கந்தப்பன் போர்வெல்காரர். கூட்டாளி பாலசுந்தரத்தோடு பாதிப் பங்கில் ஒரு ரிக் லாரி வைத்திருக்கிறார். தீபாவளியை ஒட்டிக் கிளம்பினால் சத்தீஸ்கர் பக்கம் ஊர் ஊராக ஆழ்துளை போட்டுவிட்டு, அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவார். திரும்பி வந்தும் பாதி நாள் பட்டறையில் லாரியோடுதான் கிடப்பார். "அவருக்கு லாரிதான் ஊடு, ஊடு லாட்ஜு" என்று சுப்பம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பட்டறையில் ரிக் மேலிருந்து வழுக்கி விழுந்து, சேலத்தில் சேர்த்து, தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அந்தப் படம் மோகனப்பிரியாவிடம் இருந்தது. இப்போது இன்னொன்று எடுத்தால் போதும்.

கல்யாணக் கூத்துக்கு அடுத்த வாரம் அப்பாவை அம்மாவோடு சேலத்துக்கு அனுப்பினாள். அன்று அவளுக்குத் தேர்வுப் பணி, கூடப் போக முடியவில்லை. அதே சென்டர், அதே மிஷின். அங்கே வேலை செய்கிற நர்மதா அவளோடு படித்தவள். "காலைல அனுப்பு பிரியா, நான் பாத்துக்கறேன்" என்றாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, வயசுக்குத் தக்கதுதான், பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, மறதி கூடினால் பார்ப்போம் என்றார். கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கத்தானே என் மென்பொருள் என்று மோகனப்பிரியா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பழைய படத்தையும் புதுப்படத்தையும் உள்ளே போட்டாள். எண் வந்தது. அந்த வயதுக்கு வருடத்துக்கு இவ்வளவு குறையலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அப்பாவுக்குக் குறைந்திருந்தது அதைப்போலச் சில மடங்கு. திரும்பப் போட்டாள். அதே எண். பொய்மண்டைகளை எடுத்துச் சோதித்தாள். அத்தனையும் சரி. தராசில் கோளாறு இல்லையென்றால் பிறகு எதில் கோளாறு?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கந்தப்பன் கைதுடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். சுற்றி வளைத்துச் சொன்னாலும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: மூளை வேகமாகச் சுருங்குகிறது, இந்த முறை ரிக்கோடு போக வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பாஷை தெரியாத ஊரில், ஓடுகிற மிஷின் பக்கத்தில் ஒரு மறதி வந்தால் என்ன ஆகும்?

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்குத் தயாராகப் பதில்களெல்லாம் வைத்திருந்தாள்.

"நல்லாப் பாத்துட்டியா சாமி?"

"ரெண்டு வாட்டி பாத்துட்டேனுங்கப்பா."

"செரி" என்றார் கந்தப்பன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பாலசுந்தரத்துக்குப் போன் போட்டார். இந்த வாட்டி நீ பாத்துக்கப்பா என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று மோகனப்பிரியாவுக்கு இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் நிஜமாகவே மறக்க ஆரம்பித்தார். குளித்துவிட்டேனா என்று சுப்பம்மாளைக் கேட்டார். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். கடை என்னவோ தெருமுனையில்தான் இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் பெயர் வாயில் வராமல் போய்விட்டால் அசிங்கம் என்று பயந்தார். யாராவது ஏதாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் மகளின் முகத்தைப் பார்த்தார். குரல்கூடச் சிறுத்துவிட்டது. ரிக் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகி, வீட்டிலும் கத்தியே பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர். ஆயுத பூஜை அன்று ரிக்குக்கு முன்னால் பூசணிக்காய் சுற்றி உடைப்பது வருடா வருடம் அவர் கைதான். இந்த முறை காலில் வலி என்று சொல்லிப் போகவில்லை. பாலசுந்தரம் பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணன் வராட்டி வண்டி நகருமுங்க, நகராமயெல்லாம் இருக்காது" என்றார் அவர் மோகனப்பிரியாவிடம், செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா அவரப் பாக்கறக்கு ஒரு மாதிரியா இருக்குது அம்முணி. நல்லா இருந்த மனுசனுங்க."

எண் அவள் கையில் இருந்தது. பாவமாக இருக்கிறது என்பதற்காக எண்ணை மாற்ற முடியுமா?

ரிக் கிளம்ப இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது, சுப்பம்மாளுக்கு மறுநாள் சர்க்கரை டெஸ்ட் என்ற பேச்சு வந்தது. காலையில் காப்பி குடித்துவிட்டுப் போனால் என்ன என்று அவள் முணுமுணுத்தாள். கந்தப்பனுக்குப் பழைய குரல் கொஞ்சம் திரும்பி வந்தது.

"ஏம்புள்ள, டெஸ்டுன்னா வெறும் வயித்துலதாம் போவோணும். அன்னைக்கு என்னையத் தலைய ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனியே, மொத நா ராத்திரியிலிருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருந்தேனா இல்லியா? சேலம் வரைக்கும் பஸ்ஸுல நின்னுக்கிட்டு. அங்க போனா அவசரக் கேஸுன்னு மத்தியானம் வரைக்கும் உக்கார வெச்சுட்டாங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்பவும் ஒரு சொட்டுக் குடிக்கலயே நான்."

"வெளிய வந்து ரெண்டு எளநிய ஒரே மூச்சுல குடிச்சீங்கல்ல, எளநிக்காரனே பயந்துட்டான்" என்றாள் சுப்பம்மாள்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மோகனப்பிரியாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"தலை ஸ்கேனுக்கு எதுக்குங்கப்பா வெறும் வயித்துல போனீங்க? யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? டெஸ்டுன்னா அப்படித்தான?"

யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ரத்தமோ சிறுநீரோ எக்ஸ்ரேவோ, இந்தப் பக்கத்தில் எந்த டெஸ்டுக்குப் போனாலும் மக்கள் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டுதான் போவார்கள். சிலர் தண்ணீரையும் சேர்த்து விட்டுவிடுவார்கள், அதில் ஒரு பக்தியே உண்டு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். உடம்பில் நீர் வற்றினால் மூளையும் கொஞ்சம் சுருங்கும், தண்ணீர் குடித்தால் திரும்ப நிறையும் என்று அவள் படித்தும் இருக்கிறாள். இரண்டும் அவளுக்குள்ளேயே தனித்தனியாக உட்கார்ந்திருந்தன.

"மொத தடவ, விழுந்தப்ப எடுத்தாங்கல்லங்மா... அப்ப எப்படி?" அம்மா பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்பவா? அப்பத்தாம் ரெண்டு பாட்டலு ட்ரிப்ஸ் ஏத்தி, அப்பறமாக் கூட்டிட்டுப் போனாங்களே" என்றாள் சுப்பம்மாள். "ஏங் கண்ணு, சாப்பாட்டுல கைய வெச்சுட்டு அழுவுற?"

மறுநாள் கல்லூரியில் அவள் ஒரு பொய்மண்டையை எடுத்து, மூளையை எல்லாப் பக்கமும் ஒரு துளி வற்றவைத்து, உள்ளே நீர் நிற்கும் அறைகளை ஒரு துளி அகலமாக்கி, மென்பொருளிடம் கொடுத்தாள். சுருங்கியிருக்கிறது என்று அது உடனே சொன்னது. அது பொய் சொல்லவே இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஏன் சுருங்கியது என்று அதற்குத் தெரியாது. அவளும் அந்தக் கேள்வியைச் சொல்லித்தரவில்லை. அவள் செய்து வைத்திருந்த அத்தனை தலைகளும் மல்லாந்து நேராகப் படுத்திருந்தன. அவற்றுக்குப் பசி இல்லை, தாகம் இல்லை. அவை ஆவணி வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வரவில்லை. நல்ல பிள்ளைகளாக, அவள் சுருக்கிய அளவுக்குச் சுருங்கின. அவளும் அவற்றிடமே நல்ல பெயர் வாங்கிக்கொண்டு அப்பாவிடம் போயிருக்கிறாள். இளவழகனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அந்தப் பொய்மண்டையைத் திரும்ப ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

"போலாம்னு சொன்னது நான்தாம்மா" என்றார் கடைசியில். "ஆய்வ அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ஊட்டுக்குப் போய் அவர்கிட்ட சொல்லு."

சொன்னாள். கந்தப்பன் டிவியை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"மிசினு தப்பாச் சொல்லிப்போடுச்சா?"

"மிசினு சரியாத்தாஞ் சொல்லுச்சுங்கப்பா. நாந்தாந் தப்பா எடுத்துக்கிட்டேன்."

"உன்ற மிசினு என்ன சொல்லுச்சுன்னு எனக்கென்ன சாமி தெரியும்?" என்றார். "அதைய நான் கண்ணுலயுங் கண்டதில்ல. நீ சொன்ன. எம்புள்ள சொன்னா செரியா இருக்குமுன்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குத்திக் கிழித்தது. இத்தனை நாளாக அவர் தன் மூளையை நம்பாமல் மகளுடையதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு முறை ஸ்கேன் எடுக்கலாம், நானும் கூட வருகிறேன் என்றாள்.

இந்த முறை சுப்பம்மாள் விடவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து ஒரு செம்பு, பஸ் ஏறும்போது ஒரு செம்பு, சங்ககிரியில் பஸ் நின்றபோது பாட்டிலில் மிச்சம். "வெள்ளாமைக்குப் பாய்ச்சற மாதிரி பாய்ச்சறாளே" என்று கந்தப்பன் பஸ்ஸிலேயே கத்தினார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருந்தது குரல். மோகனப்பிரியாவுக்கு அந்தக் குரலைக் கேட்டு உயிர் வந்தது. இட்லியும் சாப்பிட்டார். ஸ்கேன் குழாய்க்குள் போய்ப் பாதியிலேயே, அவசரமென்றால் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த பந்தை அமுக்கி அமுக்கி நர்மதாவைப் படுத்தி எடுத்துவிட்டார்.

"என்னங்க ஐயா, மூச்சு முட்டுதுங்களா?" என்று நர்மதா மைக்கில் பதறினாள்.

"மூச்செல்லாம் நல்லாத்தாம் போவுது அம்முணி. ஒண்ணுக்குத்தாம் போவோணும்!"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பெண்களும் சிரித்தார்கள். அப்புறம் அவரை வெளியே எடுத்து அனுப்பி, திரும்ப முதலிலிருந்து எடுத்தார்கள்.

புதுப்படத்தைப் போட்டுப் பார்த்தபோது சுருக்கத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. முழுவதும் போகவில்லை. ஒரு சிறு மிச்சம் இருந்தது. வயதுக்கு உரியதைவிடக் கொஞ்சம் கூட என்றும் சொல்லலாம், அளவிலேயே இருக்கும் தள்ளாட்டம் என்றும் சொல்லலாம். பழைய படத்தில் இரண்டு பாட்டில் ட்ரிப்ஸ் எவ்வளவு ஊதிக் காட்டியதோ, அதுவும் தெரியாது. இல்லாதவர்களின் தலை என்றால் உண்மை எது என்று அவளால் சொல்லிவிட முடியும். இது அப்பாவின் தலை.

"அன்னைக்குச் சொன்ன அளவு இல்லீங்கப்பா" என்றாள் வீட்டில். "கொஞ்சம் இருக்குது. அது வயசா, இல்ல வேற எதாச்சுமான்னு எனக்குத் தெரியல."

"தெரியலயா?"

"நெஜமாவே தெரியலீங்கப்பா. ஆறு மாசங்கழிச்சு இன்னொருக்கா எடுத்துப் பாக்கோணும்."

கந்தப்பன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வாய் கொள்ளாமல் சிரித்தார். "இதைய அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல சாமி" என்றார். "தெரியலன்னா, அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. நான் வண்டிக்குப் போறேன்."

சுப்பம்மாள் மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல மோகனப்பிரியாவிடம் எண் இல்லை. போங்க என்று சொல்லவும் எண் இல்லை. தினமும் போன் பண்ண வேண்டும், ஓடுகிற மிஷினில் கை வைக்கக் கூடாது, பாலசுந்தரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். பயமும் சந்தோஷமும் அவளுக்கு ஒரே இடத்தில் வலித்தன.

கிளம்புகிற அன்று காலை ரிக்குக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கேபினுக்குள் சாமி படம் இருப்பதால் பூஜை முடிந்து ஏறும்போது செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறுவது வழக்கம்; ஏறி உட்கார்ந்தபின் கீழே இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். கந்தப்பன் வெறுங்காலோடு, இளவட்டம்போல எம்பி ஏறினார். ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டிலை உயர்த்திக் காட்டி, மகள் பார்க்கவே மடமடவென்று குடித்தார். "வாரேன் சாமி" என்று பட்டறைக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்க லாரி நகர்ந்தது. அந்த நெடி அடங்குவதற்குள் சுப்பம்மாள், "அய்யோ கண்ணு" என்றாள்.

அவர் செருப்பு தரையில் அப்படியே கிடந்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊருக்குக் கிளம்புகிற குஷியில் யாருக்கும்தான் மறக்கும். எடுத்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கே மறந்துவிட்டதே. பாலசுந்தரத்துக்குப் போன் போடுங்க என்று ஒருவர் சொன்னார். யாரும் போனை எடுப்பதற்குள் மோகனப்பிரியா குனிந்து செருப்பை அள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். தூரத்தில் லாரி வளைவை நெருங்கியிருந்தது. அந்த வளைவில் ஒரு வேகத்தடை உண்டு; எந்த வண்டியானாலும் அங்கே மெதுவாகத்தான் போகும். லாரியின் பிரேக் விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்தன. வேகத்தடைக்காக எரிகின்றனவா, அவருக்கே ஞாபகம் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டாரா? செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, புடவை காலில் தட்டத் தட்ட, அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு அவள் ஓடினாள். விளக்குகள் இன்னும் அணையவில்லை.